பழைய வண்டிச்சாலையில் பெண் பார்க்கும் படலம்

1

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இந்த நாட்டில் நடந்தே தீர வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நேற்று எங்கே நடந்தாய்?" என்பதுதான். வீட்டில் போர்வைக்குள் கிடந்தேன் என்று உண்மையைச் சொன்னால், உடம்புக்கு என்ன என்று கவலையோடு விசாரிப்பார்கள். இப்படி நடப்பதற்கு நார்வே மொழியில் 'தூர்' என்று பெயர். வந்த புதிதில் வாடிப்பட்டியில் இருக்கும் என் அண்ணனிடம் போனில், "இங்க வாராவாரம் எல்லாரும் தூர் போறாகண்ணே" என்றேன். "எந்தக் கண்மாய்லத்தா?" என்று கேட்டார். தூர் வாரப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்.

பெர்கனுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தபால் சாலை போகிறது. குதிரை வண்டிக் காலத்தில் போட்டது. கார் வந்த பிறகு கைவிட்டுவிட்டார்கள். பிறகு யாருக்கோ மனசு வந்து, கல்லைத் திரும்ப அடுக்கி, பாலத்தைச் சரிசெய்து, நடப்பவர்களுக்கென்று திறந்துவிட்டார்கள். சக்கர நாற்காலிகூடப் போகும். வெயில் அடிக்கிற நாட்களில் எங்கள் இல்லத்துப் பெரியவர்களை அங்கே தள்ளிக்கொண்டு போவோம். வெயில் என்பது இங்கே ஒரு பண்டிகை.

ஊருக்குப் போய்விட்டுக் கடந்த மாதம் திரும்பியதும் சமையலறையில் அதே கேள்வி. "இந்தியாவில் எங்கே நடந்தாய்?" இங்கே உள்ளது மாதிரியே அங்கும் ஒரு பழைய சாலையில் நடந்தேன் என்றேன். "எப்படி இருந்தது?" உரித்த உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதில் வரவில்லை. மொழி தெரியாமல் அல்ல. அங்கே என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. தமிழில் எழுதினால் பிடிபடுமோ என்று பார்க்கிறேன்.

2

என் கணவர் கதிரேசன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. கப்பல் பட்டறையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை அவருக்கு. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதன்பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கல்யாணம் ஆனவர் என்பதற்கு இவர்கள் சொல்லும் சொல் 'யிஃப்ட்'. அதே சொல்லுக்கு விஷம் என்றும் பொருள் உண்டு. இதை வைத்து அவர் என்னை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார். ஒரு கவுண்டரில் இருந்த இளம்பெண், நீங்கள் இனி அது இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரையைத் தொட்டு, "என்கெ" என்றாள். எனக்கு அது நம் 'எங்கே' மாதிரியே கேட்டது. "என்ன எங்கே?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவள் திரும்பவும், இன்னும் மெதுவாக, "என்கெ" என்றாள். விதவை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சொல்தான். அன்றைக்கு மட்டும் அவள் ஏதோ கேட்கிறாள் என்றும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் புதுச் செருப்புப் போட்டவள் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைப்பாள். படிப்பு முடிந்து ஒஸ்லோவில் வேலை கிடைத்துவிட்டது. ஊருக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வந்ததும் அங்கே குடிபோகிறேன் என்று, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். அவள் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து நான் திரும்பவும் கழுவினேன்.

அண்ணனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் முத்துப்பாண்டி. வாடிப்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அட்சதை போட மேடையில் ஏறப் போனபோது, மதினியின் உறவுக்காரம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "நீ இங்கிட்டே இருந்து போடுத்தா" என்றார். நான் மேடையில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, நாதஸ்வரக்காரரிடம் என்னவோ பேச ஆரம்பித்துவிட்டார். அட்சதையை அப்படியே கைப்பையில் போட்டு மூடினேன். பெர்கன் வந்த பிறகுதான் பை ஓரத்தில் அரிசி இருப்பதைப் பார்த்தேன். இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

3

வைகைக் கரையில் திதி முடிந்த மறுநாள் மதியம், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அண்ணன் கடைக்குப் போனேன். அவர் உள்ளே பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். நேர்ல பாத்துப் பேசிக்கிடட்டும். ஆமா, அந்தப் பழைய ரோட்டுலதான். நீங்களும் வரலாம்க்கா, சக்கர வண்டி போகும்."

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. "நாளைக்கு எல்லாரும் நடக்கப் போறோம்த்தா. நம்ம சிறுமலை அடிவாரத்துல பழைய வண்டிச்சாலையச் சரிபண்ணித் திறந்துருக்காக. உன் வீட்டுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்வியே, அதே மாதிரி. யாழினிதான் பாக்கணும்னுச்சு. என் சிநேகிதர் ஒருத்தர் குடும்பமும் வருது."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம் ஊரில் 'பொண்ணு' என்றால், கல்யாண வயதில் வீட்டில் ஒரு பெண் இருந்தால், அவள்தானே? ஒஸ்லோவுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் என் மகளுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளை பார்க்கிறார். கேட்டுவிடலாமா என்று யோசித்து, யாழினி பாவம் ஆசையாக இருக்கிறாள், முதலில் வருகிறவர்களைப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் யாழினி என் சேலைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். "அம்மா, நீ இந்தப் பச்சை கட்டு. போட்டோ நல்லா வரும்." அவளோ ஒரு கசங்கிய சுடிதாரில் இருந்தாள். பெண் பார்க்க வருவது தெரியாமல் பிள்ளை இப்படி நிற்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. ஒரு நல்ல சுடிதாரை எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு?" என்று சிரித்தாள்.

சாலையின் நுழைவாசலில் ஒரு புது வளைவு கட்டி, 'பராம்பரிய நடைபாதை' என்று பெரிய எழுத்தில் தப்பாக எழுதியிருந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு மஞ்சள் சீட்டு, வெளிநாட்டினருக்கு நீலச் சீட்டு. என்னிடம் ஆதார் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையை நீட்டினேன். அங்கே இருந்தவர் அதைப் பின்னாலும் முன்னாலும் திருப்பினார்.

"இது பாஸ்போர்ட்டும் இல்ல, ஆதாரும் இல்ல. நீங்க வெளிநாடா, உள்நாடாம்மா?"

"எந்தங்கச்சிங்க. இந்தா தெரியுதுல்ல, அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சுச்சு" என்றார் அண்ணன்.

"இப்ப எங்க இருக்காக?"

"நார்வே."

"அப்ப நீலம்."

யாழினி வாயைத் திறக்காமல் எனக்குப் பின்னால் நின்றாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு வருடம்கூட இந்த ஊரில் சேர்ந்தாற்போல் இருந்திராதவள் உள்ளூர்க்காரி, நான் வெளிநாட்டவள். எங்கள் வண்டி சாலையின் அந்தப் பக்கத்து வாசலுக்குப் போய் நிற்கும், திரும்பி நடக்க வேண்டியதில்லை என்று அண்ணன் சொன்னார். அப்போது அது வசதியாகத்தான் தோன்றியது.

4

அவர்கள் சோழவந்தானிலிருந்து வந்திருந்தார்கள். மூன்று பேர். அண்ணனுடைய சிநேகிதர் தர்மராஜ், கால்நடை ஆய்வாளர். ஐம்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவருடைய மகன் கார்த்திக், பெங்களூரில் வேலை. சக்கர நாற்காலியில் தர்மராஜின் அக்கா சரஸ்வதி. குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால் இரண்டும் விளங்காமல் போனவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தர்மராஜின் மனைவி இறந்த பிறகு கார்த்திக்கை ஆளாக்கியது அவர்தான் என்று அண்ணன் அறிமுகம் செய்தார். தர்மராஜ் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உடனே சாலையோரத்தில் மேய்ந்த ஆடுகளைக் கவனிக்க ஆரம்பித்தார். பையனின் அப்பாவுக்கு இவ்வளவு கூச்சமா என்று நினைத்தேன்.

சாலை அழகாகத்தான் இருந்தது. சீமைக்கருவேலத்தை எல்லாம் வெட்டி எடுத்து, அடியில் புதைந்து கிடந்த கற்பலகைகளை வெளியே கொண்டுவந்து பதித்திருந்தார்கள். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி விழுந்த பள்ளம் சில கற்களில் அப்படியே இருந்தது. அந்தப் பள்ளத்தை விட்டு ஒதுங்கி, ஓரமாகச் சமமான தரை. மேடு வருகிற இடத்தில் சரிவுப் பாதையும் கைப்பிடியும். ஏறுவதே தெரியாமல் சாலை மலையை ஒட்டி மெல்ல மேலே போனது. வலது கையில் பாறையும் உசிலை மரங்களும், இடது கையில் வயல்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின.

கார்த்திக்கும் யாழினியும் முன்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இருவரும் ஆங்கிலத்தில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்குப் பதறியது. கொஞ்ச தூரத்தில் சரஸ்வதி அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏத்தா ராணி, நீ கொஞ்சம் தள்ளுறியா? இதுக ஓட்டுற ஓட்டத்துல எனக்குக் குடல் குலுங்குது."

நான் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனும் தர்மராஜும் பின்தங்கிவிட்டார்கள்.

"பதமாத் தள்ளுற" என்றார் அக்கா.

"அங்க வேலையில பழக்கம்க்கா."

"வேலையை விட்டுட்டு இங்கிட்டு வந்து இருக்க முடியுமா?"

ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். "அவளுக்கு இப்பத்தான்க்கா கிடைச்சிருக்கு. விட மாட்டா."

அக்கா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நான் உன்னையக் கேட்டேன்."

"நான் எதுக்கு விடணும்?"

"அதுவும் சரிதான்." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "கறி மீனெல்லாம் உண்டா?"

"திம்பா. காரம்தான் ஆகாது."

"உனக்கு உண்டான்னு கேட்டேன்."

"எனக்கு உண்டு."

"தம்பிக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் தொட மாட்டான்."

மருமகளாகப் போகிறவள் மாமனாருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும் போலிருக்கிறது என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன்.

"கோவம் வருமா?"

"அவ அப்பா மாதிரிக்கா. சட்டுனு வரும், சட்டுனு போயிரும்."

"உனக்கு?"

"எனக்கு லேசுல வராது. வந்தா லேசுல போகாது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஆத்தாடி. அதை இன்னைக்கே பாத்துருவோம் போல."

இவருக்குக் காது சரியில்லையா, இல்லை எனக்குத் தமிழ் மறந்துவிட்டதா என்று குழம்பிக்கொண்டே தள்ளினேன். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, சமவெளி முழுவதும் திறந்தது. கதிர் முற்றி மஞ்சளேறிய வயல்கள், கால்வாய், அதற்கப்பால் தென்னந்தோப்புகள், மெலிந்த கோடாக வைகை, தூரத்தில் நாகமலை.

"நிறுத்து, நிறுத்து" என்றார் அக்கா. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வெகுநேரம் தேடினார். "அந்தா, கோபுரம் தெரியுதா? அதுக்கு மேக்கால தோப்பு. அதுக்குள்ளதான் எங்க வீடு." குரல் மாறிவிட்டிருந்தது. "பிறந்ததுல இருந்து கீழ கெடந்து இந்த மலையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மலையில இருந்து என் ஊர் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன். இம்புட்டுச் சின்னதா இருக்கு. இதுக்குள்ளயா இம்புட்டு நாளும் கெடந்தோம்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. இப்படிப்பட்டவர் வீட்டில் என் மகள் வாழ்ந்தால்தான் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. உடனே என்மேலேயே கோபம் வந்தது.

5

பாதித் தூரத்தில் ஒரு கல் மண்டபம். வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்து இளைப்பாறிய இடமாம். ஏறுவதற்குச் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். அண்ணன் கொண்டுவந்த இட்லியைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா மடியிலிருந்த பையைத் திறந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே மல்லிகைச் சரம். இந்தப் பனிமாதத்தில் மல்லி கிடைப்பதே அரிது. ஒரு கண்ணி கிள்ளி யாழினியின் தலையில் வைத்துவிட்டார்.

பூ வைத்துவிட்டார்கள். அதற்குமேல் பொறுப்பதில் அர்த்தம் இல்லை. நான் எழுந்து நின்றேன். தர்மராஜைப் பார்த்துப் பேசினேன். மரியாதையாகப் பேசத்தான் நினைத்தேன். ஆனால் கல் மண்டபத்தில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"உங்க பையன் நல்ல பையன். ஒரு குறையும் இல்ல. ஆனா என் மகளுக்கு இப்பக் கல்யாணம் பேசுற எண்ணம் எனக்குக் கிடையாது. எங்கண்ணன் என்னையக் கேக்காம உங்களை வரச் சொல்லிட்டாக. தப்பா நினைக்காதீங்க."

கார்த்திக்கின் கையில் இருந்த இட்லி வாய்க்குப் போகாமல் நின்றது. யாழினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தர்மராஜ் தொண்டையைச் செருமினார். "என் பையனுக்கு நிச்சயமாயிருச்சுங்க. வைகாசியில கல்யாணம். பொண்ணு பெங்களூர்ல அவன்கூட வேலை பாக்குது."

"அப்ப பொண்ணு பாக்கன்னு வந்தது?"

அவர் தரையைப் பார்த்தார். அண்ணன் தூணைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? "நீங்க யாரைத்தான் பாக்க வந்தீங்க?" என்று திரும்பவும் கேட்டேன்.

"சத்தியமா எனக்கு இன்னைக்குக் காலையில கார்ல ஏறுன பெறகுதாங்க சொன்னாக" என்றார் தர்மராஜ். காது மடல் சிவந்திருந்தது. "இறங்கிருவோம்னுதான் பாத்தேன். அக்கா விடல."

அக்கா மீதிச் சரத்தை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டியிருந்தார். "இது உனக்குத்தான்த்தா" என்றார்.

நான் என் பச்சைச் சேலையைக் குனிந்து பார்த்தேன். பிறகு யாழினியைப் பார்த்தேன். அவள் விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவை நான் வாங்கவில்லை. மண்டபத்தை விட்டு இறங்கி நடந்தேன்.

6

கோபித்துக்கொண்டு போவதற்கு அந்தச் சாலை ஏற்றதல்ல. இருப்பதே ஒரு வழி. வண்டியோ அந்தப் பக்கம் போய்விட்டது. முன்னால் போனாலும் எல்லோரும் பின்னால் வரத்தான் செய்வார்கள். சக்கர நாற்காலி கல்லில் உருளும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் அண்ணன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"யாழினிதான்த்தா கேட்டுச்சு. அம்மாவுக்கு ஒரு ஆள் பாருங்க மாமான்னு போன்ல எழுதியிருந்துச்சு. கோவத்துல நான் பதிலே போடல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பிள்ளைக்குத் தோணுனது எனக்கு ஏன் தோணலைன்னு."

"அண்ணே, உன் மகன் கல்யாணத்துல என்னைய மேடை ஏற விடல. நீ அங்கிட்டுத் திரும்பிக்கிட்ட. அட்சதை போடக்கூட ஆகாதவளுக்கு இன்னைக்கு மாப்பிள்ளையா?"

அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்தது சாதாரணமாக வெளியே வந்து விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அன்னைக்கு ஏன் சும்மா நின்னேன்னு எனக்குத் தெரியலத்தா. இன்னைக்கு ஏன் இதைச் செய்யிறேன்னும் கேட்டா முழுசாத் தெரியல. உனக்குக் கோவம்னா திட்டு. பேசாம மட்டும் ஊருக்குப் போயிராத."

அவர் சமாதானம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரியவில்லை என்பவரிடம் என்ன சண்டை போடுவது? "முட்டி வலிக்கும், மெதுவா வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

அடுத்து யாழினி. ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள்.

"சாரிம்மா. நான் ஒஸ்லோ போறேன்ல. நீ தனியா இருப்ப. அதான் உன்னை யாருக்காவது குடுத்துட்டுப் போகலாம்னு."

"குடுத்துட்டா? நான் என்ன பூனைக்குட்டியாடி?"

நார்வேயில் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் பூனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களிடமே இரண்டு பூனைகள் வந்து இருந்துவிட்டுப் போயிருக்கின்றன.

"ஊர்ல அப்படித்தானே சொல்றாங்க? கட்டிக் குடுக்கிறதுன்னு? மாமாதான் சொல்லிக் குடுத்தாங்க." மிரண்டுபோய்க் கேட்டாள். "தப்பாச் சொல்லிட்டேனா?"

தப்பில்லை. அந்தச் சொல்லை நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். என் அம்மா என்னைக் கதிரேசனுக்குக் கொடுத்தாள். அதை என் மகள் என்னிடம் சொல்லும்போதுதான் அது எவ்வளவு விசித்திரமான பேச்சு என்று காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகையும் வந்தது. "உங்கப்பாவுக்குத் திதி குடுத்து மூணு நாள்கூட ஆகலடி" என்றேன். "அதுவும் குடுக்கிறதுதானேம்மா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டாள்.

கடைசியில் தர்மராஜ் வந்தார். அக்காதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஓர் ஆள் இடைவெளி விட்டு நடந்தார். வழியோரம் மேய்ந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "அங்க குளிர்ல ஆடுமாடுகளை எங்க வைப்பாக?" என்று கேட்டார்.

"கொட்டகைக்குள்ளதான். கோடையிலதான் வெளிய விடுவாக."

"மாட்டுக்குக் கோமாரி நோய் வருமா?"

"தெரியலைங்க. நான் சமையல்கட்டுல வேலை பாக்குறேன்."

"ஆமால்ல" என்று தலையைச் சொறிந்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு பழைய ஓடைப் பாலத்தைக் கடந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவருங்க?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எப்படிச் செத்தார், முன்கூட்டியே தெரியலையா, இன்சூரன்ஸ் இருந்ததா, இனி என்ன செய்யப்போகிறாய். எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"மாட்டுக்குப் பயப்படுவாரு" என்றேன்.

தர்மராஜ் நம்பவில்லை. உண்மைதான் என்று சொன்னேன். எங்கள் தபால் சாலையில் கோடைக்காலத்தில் மாடுகள் குறுக்கே நிற்கும். அவர் அந்த இடத்திலேயே நின்று, இன்றைக்கு நடந்தது போதும் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வெள்ளைக்காரக் கிழவிகள் மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இவர் புதருக்குப் பின்னால் நிற்பார். தர்மராஜ் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பெரிய சிரிப்பு. பின்னால் வந்த நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு நான் நிறுத்தவே இல்லை. கதிரேசன் பாட்டுகளைத் தப்புத் தப்பாகப் பாடுவது, வானிலை அறிக்கையோடு சண்டை போடுவது, ஜன்னலோரம் தொட்டியில் வளர்த்த ஒரே மிளகாய்ச் செடிக்குத் துண்டு போர்த்திவிடுவது. தர்மராஜ் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். இவர் வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டுமாம். ஆனால் காயம்பட்ட நாயோ கன்றோ வந்தால் முதலில் மடியில் தூக்கி வைத்துக்கொள்வது அந்த அம்மாதானாம். "அவ இருந்தவரைக்கும் வீட்டுல ஏதாவது ஒரு சீவன் கட்டுப்போட்டுக்கிட்டுக் கெடக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் வந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் ஆணும் பெண்ணும் இறந்துபோனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். இதை என்னவென்று சொல்வது? வண்டியில் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்தார். மல்லிகைச் சரம் அவர் மடியில் அப்படியே இருந்தது.

7

யாழினி ஒஸ்லோ போய்விட்டாள். அவள் அறைக் கதவைச் சாத்துவதா திறந்து வைப்பதா என்று தெரியாமல் பாதி திறந்து வைத்திருக்கிறேன். கதிரேசனின் போட்டோவைத் துடைக்கும்போது ஒருநாள் குற்ற உணர்ச்சி வருகிறது. இன்னொரு நாள், மாட்டுக் கதையை வெளியே சொல்லிவிட்டேனே என்று சிரிப்பு வருகிறது. கல்யாணம் என்றால் எந்த ஊரில் இருப்பது, யார் எதை விடுவது, இந்த வயதில் எதற்கு, ஏன் கூடாது என்று வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் ஓடுகிறது. ஒரு முடிவுக்கும் வரவில்லை.

போன வாரம் சரஸ்வதி அக்கா போன் செய்தார். கார்த்திக்கின் கல்யாண வேலைகளைப் பற்றிப் பேசிவிட்டு, "அந்த விசயம் என்னத்தா ஆச்சு?" என்றார்.

"தெரியலக்கா" என்றேன்.

"தெரியலைன்னா, வேணாம்னு அர்த்தம் இல்லையே?"

"இல்லைக்கா."

"அது போதும்" என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் சொன்ன 'இல்லை' எந்த 'இல்லை' என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அதை யோசித்து முடிப்பதற்குள் யாழினியிடமிருந்து நிறைய இதயங்களும் பூக்களும் செய்தியாக வந்தன. அடுத்து அண்ணன்.

"என்னத்தா, சரின்னுட்டியாமே?"

"நான் இல்லைன்னுதான்ணே சொன்னேன்."

"அதான்த்தா. வேணாம்னு இல்லைன்னு சொல்லிருக்க. சோழவந்தான்ல அக்கா எல்லார்ட்டயும் சொல்லிட்டாக."

திருத்த வாயெடுத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்லித் திருத்துவது என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"அண்ணே, கல்யாணத்தைப் பத்தி இப்ப யாரும் பேசக் கூடாது. கார்த்திக் கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் வேணும்னா அவரு இங்கிட்டு ஒரு தடவை வந்து இருந்துட்டுப் போகட்டும். இந்த ஊரையும் இந்த மழையையும் பாத்துட்டு ஓடிருவாரா மாட்டாரான்னு பாப்போம்."

இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, போனை மூடாமலேயே, வெயில் கொளுத்துகிற வாடிப்பட்டியில் கடை வாசலில் நின்று அண்ணன் மதினியைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

"ஏய், இந்தா, மதுரையில ஸ்வெட்டர் எங்கிட்டுக் கிடைக்கும்?"